டாக்டரம்மா பதில்கள்: கிருமி எங்கிருந்து வந்தது?

(பால்மரத் தோட்டத்தில் பிறந்து, பாக்டீரியா ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வசிக்கும் டாக்டரம்மா இந்த மாதமும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆறாம் படிவம் படிக்கிறேன். பாக்டீரியா ஆராய்ச்சி செய்ய ஆசை. "டாக்டருக்குப் படி, இல்லாவிட்டால் டீச்சருக்குப் படி, அதென்ன கிருமி வேலை?" என்கிறார் அம்மா. அந்த வேலையில் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? (மாணவி, ஈஜோக்)

பதில்: அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, மகளே. என் அம்மாவும் கடைசி வரைக்கும் லயத்தில் எல்லாரிடமும் "ரத்தம் டெஸ்ட் பண்ற இடத்துல வேலை" என்றுதான் சொல்லிவந்தார். பாதி உண்மைதான்.

காலையில் முதல் வேலை, முந்தின நாள் 37 டிகிரி சூட்டில் வைத்துவிட்டுப் போன தட்டுகளைப் பார்ப்பது. ரத்தம் கலந்த அகார், அதாவது கிருமிக்குத் தீனியான கூழ் மேல் எது முளைத்திருக்கிறது, என்ன நிறம், ஓரம் மழமழப்பா சுருக்கமா என்று பார்ப்போம். முளைத்ததைச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். எந்த மருந்துக்குச் சாகிறது என்று சின்னச் சின்ன மருந்துவில்லைகளை வைத்துச் சோதிப்போம். இ-கோலை நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமி இரட்டிக்க ஒரு நாள் போல ஆகும், தட்டில் தெரிய வாரக்கணக்காகும். காசநோயில் பி.எச்.டி. செய்த என் தோழி எனக்கு ரொம்பப் பின்னால்தான் பட்டம் வாங்கினாள். பழி முழுக்கக் கிருமி மேல்தான் போட்டாள்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று தேடுபவருக்கு இதெல்லாம் பாதி வேலைதான். மீதி வெளியே இருக்கிறது. ஃபாரத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டால் ஒன்றும் விளங்காது. செம்பனைக் குலை வெட்டுகிறவரா, உதிரிப் பழம் பொறுக்குகிறவரா, மருந்தடிக்கிறவரா? காலில் பூட்ஸா, சிலிப்பரா? சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது குழாய்த் தண்ணீரிலா, வாய்க்காலிலா? உதிரிப் பழத்தைத் தின்ன எலி வரும், மூத்திரம் போகும். அதே தரையில் பழம் பொறுக்கும் அக்காவின் கை நாள் முழுக்கக் கிடக்கும். கையில் ஒரு முள் கீறல் இருந்தால் போதும், 'கென்சிங் திக்குஸ்' என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் அந்த வழியாக உள்ளே போய்விடும். இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. உனக்குச் சொல்லவே வேண்டாம்.

வழி இரண்டு. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து பயோமெடிக்கல் சயன்ஸ், பிறகு மாஸ்டர்ஸ், பி.எச்.டி. இல்லையென்றால் மருத்துவம் படித்து, ஹவுஸ்மேன் முடித்து, மருத்துவ நுண்ணுயிரியலில் நிபுணராவது. இரண்டாவது வழியில் போனால் அம்மாவும் வாயடைத்துப் போவார், ஆனால் ரொம்ப வருடம் பிடிக்கும். ஒன்றை மறைக்கமாட்டேன்: ஆராய்ச்சி வேலை பல இடங்களில் ஒப்பந்தம்தான், பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியே மாதங்கள் ஓடிப்போகும். அதனால் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகு. நோயாளிகளிடம் பேச மலாயும் நன்றாக வரவேண்டும்.

கேள்வி: செம்பனையில் குலை வெட்டுகிறேன். இனிப்புநீர் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர் மண்ணிலிருந்து வந்த கிருமியால் இறந்துவிட்டாராம். வீட்டில் சின்னப் பிள்ளைகள். எங்களுக்கும் ஒட்டியிருக்குமா? (வாசகர், புக்கிட் ரோத்தான்)

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மீலியோய்டோசிஸாக இருக்கலாம், ஐயா. அது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது மிக மிக அபூர்வம். துக்க வீட்டுக்குப் போய்வந்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். இந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. புண் வழியாக, மூச்சு வழியாக, கொதிக்க வைக்காத தண்ணீர் வழியாக உள்ளே போகும், மழைக்காலத்தில் அதிகம். யாரை அதிகம் தாக்குகிறது என்று பார்த்தால், பல நாட்டுக் கணக்கிலும் முதலில் நிற்பது இனிப்புநீர்க்காரர்கள்.

ஆகவே பூட்ஸ், கையுறை போடுங்கள். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் கழுவி, தண்ணீர் புகாமல் மூடிவிட்டு வேலைக்குப் போங்கள். சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சலோ இருமலோ வந்தால் கிளினிக்கில் "டெமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பெனடோல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். தோட்டத்து மண்ணில் வேலை செய்கிறேன், இனிப்புநீர் இருக்கிறது, காலில் புண் இருந்தது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நோய் நிமோனியா போலவும் இருக்கும், காசநோய் போலவும் இருக்கும், பெனிசிலினுக்கு அசையாது. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் சரியான சோதனைக்கு அனுப்புவார். நோய் உறுதியானால் 10 முதல் 14 நாளாவது ஊசி, அதற்குப் பிறகு 3 மாதமாவது மாத்திரை. நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இந்தக் கிருமியை 1911-ல் ரங்கூனில் கண்டுபிடித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். 'விட்மோர் நோய்' என்று ஒரு பெயர் நிலைத்தது, கிருஷ்ணசாமியை யாரும் நினைப்பதில்லை. இரண்டு வருடத்தில் அதே கிருமி கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சோதனைக்கு வளர்த்த பிராணிகளைக் கொன்றது. அங்கிருந்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான் மீலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சாவித்திரி புதுச்சேரி, ஜமுனா வடிவேலு போன்றவர்கள் வருடக்கணக்காக இதையே ஆராய்ந்தார்கள். ஈஜோக் மகள் இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் அவள் படிக்கட்டும். இந்தக் கிருமியை வளர்க்கும் ஆஷ்டவுன் அகாரில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்திருக்கும். மற்றக் கிருமிகள் செத்துவிடும், இது மட்டும் ஊதா நிறத்தில் சுருங்கிச் சுருங்கி வளரும். ஆனால் சரவாக்கில் பல நோயாளிகளிடம் கிடைத்த வகை ஜென்டாமைசினுக்குச் சாகிறது. அங்கே அந்தத் தட்டை மட்டும் நம்பினால் நோய் இருக்கும், தட்டு காலியாக இருக்கும்.

கேள்வி: செம்பனை நட்ட புதிதில் புல் வெட்டப் போனவர்களுக்கு உடம்பில் கருப்புப் பொருக்கு வந்து, காய்ச்சலிலேயே செத்துப்போவார்கள் என்று தாத்தா சொல்வார். சாமி குத்தம் என்றார்களாம். அது என்ன? (வாசகி, தஞ்சோங் காராங்)

பதில்: அது ஸ்க்ரப் டைஃபஸ், அம்மா. இளம் கன்றுகளுக்கு நடுவே லாலாங் புல் மண்டிக் கிடக்கும். அதில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகை உண்ணியின் குஞ்சு இருக்கும். கடித்த இடம்தான் கருப்புப் பொருக்கு. கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. எலி அந்தக் குஞ்சுகளைச் சுமந்து திரியும் வாகனம்.

1920-களில் கோலாலம்பூரில் ஒரு வேடிக்கை நடந்தது. டைஃபஸ் சோதனைக்குப் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைப் பயன்படுத்துவார்கள். நோயாளியின் ரத்தநீர் பட்டதும் அது பால் திரிவதுபோல் கட்டி கட்டியாகத் திரியும். கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த புரோட்டியஸ் மட்டும் குணம் மாறியிருந்தது. பட்டணத்து நோயாளியின் ரத்தத்துக்குப் பழைய புரோட்டியஸ் திரிந்தது, புல்லில் வேலை செய்தவரின் ரத்தத்துக்கு கிங்ஸ்பரியின் புரோட்டியஸ் திரிந்தது. ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோய் என்று இப்படித்தான் தெரிந்தது.

மருந்து வந்தது 1948-ல். ஸ்மேடல் என்ற அமெரிக்கரின் குழு குளோராம்ஃபெனிக்காலைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து, இங்கிருந்த லெவ்த்வெய்ட், சாவூர் ஆகியோருடன் சேர்ந்து நம் நாட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் சுரக்கும் மருந்து அது. காய்ச்சல் இறங்கியது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு, அதுவும் குணமானது. அதுவரை டைஃபாய்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே கிடையாது! இன்று ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள். உங்கள் தாத்தா காலத்தில் சாமிக்கு ஆடு வெட்டியிருப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, டாக்டர்களிடமும் அப்போது ஒன்றும் இல்லையே.

கேள்வி: சவர்க்காரமா, சானிடைசரா? (வாசகி, ரவாங்)

பதில்: கையில் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சவர்க்காரம். பஸ்ஸில் போகும்போது சானிடைசர்.

கேள்வி: மகள் கிருமி ஆராய்ச்சிக்குப் போனால் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட மாட்டாளா? (ஒரு தாய், பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் ஈஜோக்தானே அம்மா? இல்லையென்றால் மன்னியுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் தொற்றுவது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் காலத்தில் தட்டை முகர்ந்து பார்த்துக் கிருமியை அடையாளம் சொல்வதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். இன்று அப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், செய்யவேண்டியதும் அதுதான். மீலியோய்டோசிஸ், கால்நடை நோயான புருசெல்லோசிஸ் இரண்டும் மூச்சு வழியாகவும் வரும். ஆபத்தான கிருமியைக் காற்றை வடிகட்டும் பெட்டிக்குள் கை விட்டுத்தான் தொடவேண்டும். கழிவு 121 டிகிரி நீராவியில் வெந்த பிறகே வெளியேறும். கோட்டு அங்கேயே தொங்கும். உள்ளே சாப்பாடும் கூடாது, கைத்தொலைபேசியும் கூடாது. இந்த ஒழுங்கை ஒரு மாதம் பழகிய பெண், வீட்டுக்கு வந்ததும் உங்கள் சமையலறைத் துணியைத்தான் முதலில் குறை சொல்வாள். அதற்குத் தயாராக இருங்கள்.