வாசல் கதவு: தேக்கா, ஸ்டீலா, தவணையா?

கேள்வி: எங்கள் வாசல் கதவு 18 வருடப் பழசு. மழை பிடித்தால் இறுகிக்கொள்கிறது, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கிறது. கீழ்ச்சட்டம் ஒரு மூலையில் உளுத்துவிட்டது. வாசல் மேற்குப் பார்த்தது, மேலே சன்ஷேடு கிடையாது. மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். ஃப்ளஷ் கதவு (இருபுறமும் ப்ளைவுட் ஒட்டிய சமதளக் கதவு) எங்கள் ஒரு மாதக் குடும்பச் செலவளவு ஆகிறது, ஸ்டீல் கதவு இரண்டு மாதச் செலவளவு, தேக்கு ஐந்து மாதச் செலவளவு. அவசரத்துக்கென்று நான்கு மாதச் செலவும், வீட்டு வேலைக்கென்று ஒன்றரை மாதச் செலவும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். மாதா மாதம் செலவில் கால் பங்கு அளவுக்கு மிச்சம் பிடிக்க முடிகிறது. தேக்கை 12 மாத ‘வட்டியில்லாத் தவணை’யில் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். ரொக்கமென்றால் 8 சதவீதம் தள்ளுபடி, தவணையென்றால் 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம். கதவு ஒரு முறைதானே வாங்குகிறோம், தேக்கே எடுத்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தேக்கு மோசமான மரம் என்பதால் சொல்லவில்லை. நிழலில்லாத மேற்கு வாசலுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தால் அதற்குரிய பலன் கிடைக்காது. தவணைக் கணக்கும் உங்கள் வருமானத்தோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் தவணையைப் பிரித்துப் பார்க்கலாம். கதவின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக 92 கொடுத்தால் கதவு உங்களுடையது. தவணையில் போனால் முதல் நாளே 2 கட்ட வேண்டும், பிறகு மாதம் 8.33 வீதம் 12 மாதம். அதாவது ரொக்க விலையான 92-இல் அந்த 2 போக, 90 பங்கைக் கடன் வாங்கி 100 பங்கைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். 10 பங்குதானே அதிகம் என்று தோன்றும். ஆனால் அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாக 90-இல் பாதிக்குச் சற்று அதிகமான தொகைதான் உங்கள் கையில் கடனாக நிற்கிறது. அதன் மேல் 10 என்றால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதும் வட்டிதான், பெயர்தான் வேறு.

இதற்குப் பதிலாக ‘12 சதவீத ஃபிளாட் வட்டி, 24 மாதம்’ என்று வேறு எங்காவது கடன் சொன்னால், அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளாட் வட்டி முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. குறையும் நிலுவை முறையில் அது 21.5 சதவீதத்துக்கு அருகில் வரும்.

உங்கள் மாதக் கணக்கைப் பாருங்கள். தேக்குக்கான தவணை மாதச் செலவில் 0.42 பங்கு, உங்கள் மிச்சமோ 0.25. துண்டு விழும் தொகை 12 மாதத்தில் இரண்டு மாதச் செலவாகிறது. வீட்டு வேலைக்கு வைத்த ஒன்றரையும் அதில் கரைந்து, மீதி அரை மாதத்தை அவசர நிதியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். பூட்டு, கூலி, பூச்சு வேலை எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. அந்த ஆண்டு முழுவதும் சேமிப்பும் நின்றுவிடும். அவசர நிதி வேலை போனாலோ உடம்புக்கு வந்தாலோ எடுப்பதற்கு. கதவுக்காக அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது ‘ஒரு முறைதானே’ என்ற எண்ணம். வெயிலும் மழையும் நேரே அடிக்கிற கதவு எந்த மரமாக இருந்தாலும், மேல் பூச்சு இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. கதவுக்கு மேல் நீட்டியிருக்கும் கூரையின் நீளம், கதவின் அடியிலிருந்து அந்தக் கூரை வரையுள்ள உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது மரக்கதவுத் தொழிலில் வழங்கும் கணக்கு. 2.4 மீட்டர் உயரத்தில் சன்ஷேடு என்றால் 1.2 மீட்டர் நீட்டம். உங்களுக்கு அது அறவே இல்லை.

20 வருடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பராமரிப்பு எண்கள் என் அனுமானம், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் மாதச் செலவுக் கணக்கில்தான்: தேக்குக்கு 5, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 0.2 செலவில் பாலிஷ் என்றால் 9 தடவைக்கு 1.8, மொத்தம் 6.8. ஸ்டீலுக்கு 2, ஐந்து வருடத்துக்கு ஒரு பெயின்ட் 0.15 வீதம் மூன்று தடவை, மொத்தம் 2.45. ஃப்ளஷ் கதவை இந்த வாசலில் 7 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற நேர்ந்தால் 20 வருடத்தில் மூன்று கதவு, மொத்தம் 3. மலிவான கதவு ஸ்டீலைவிடச் செலவு வைக்கிறது, தேக்கு ஸ்டீலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தேக்கின் அழகுக்காக அந்த வித்தியாசத்தைத் தருவதில் தவறில்லை. ஆனால் அது அழகுக்கான செலவு என்று தெரிந்து தர வேண்டும். வீடு விற்கும்போது இந்தப் பணம் திரும்பி வரும் என்று கடையில் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதுக்கதவு வாங்கும் முன் பழையதை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். இறுகுவதெல்லாம் மரம் ஊதுவதால் அல்ல. பூட்டுப் பக்கத்து மேல் மூலை நிலையில் உரசி, மேல் கீலுக்குப் பக்கத்தில் இடைவெளி அகன்றிருந்தால், கீலின் திருகுகள் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது என்று பொருள். பழைய திருகைக் கழற்றி, நிலையைத் தாண்டிப் பின்னால் பிடிக்கும்படி 75 மி.மீ. திருகு போட்டால் கதவு மேலே ஏறிவிடும். மழைக்காலத்தில் மட்டும் பூட்டுப் பக்கம் முழு நீளத்துக்கும் உரசினால் அது ஈரம். அப்போது அவசரப்பட்டு இழைத்துவிட்டால் வெயில் காலத்தில் பெரிய சந்து விழும்.

ஊதல் எவ்வளவு என்பது கதவு செய்த விதத்தைப் பொறுத்தது. மரம் அகலவாக்கில்தான் விரியும், நீளவாக்கில் அநேகமாக விரியாது. குறைவாக விரியும் மரமான தேக்கே, அதனுள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறத்தாழ 0.19 சதவீதம் விரியக்கூடும். சட்டமும் பேனலுமாகச் செய்த கதவில் இரண்டு நிற்கும் சட்டங்களும் சேர்ந்து 250 மி.மீ. அகலம். ஈரம் 4 சதவீதம் ஏறினால் 2 மி.மீ. விரிவு, 3 மி.மீ. இடைவெளிக்குள் அடங்கிவிடும். பேனல்கள் காடிக்குள் பசையில்லாமல் மிதப்பதால் அவற்றின் விரிவு வெளியே தெரியாது. ஒரு மீட்டர் அகலத்துக்கும் பலகைகளை ஒட்டிச் செய்த கதவில் அதே ஈரம் ஏறினால் 7.6 மி.மீ. அதனால்தான் ‘முழுத் தேக்கு, ஒரே பலகை போல’ என்று பெருமையாகச் சொல்லும் கதவு முதல் மழையிலேயே மாட்டிக்கொள்கிறது.

உளுத்த மூலையில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். ஓரிரண்டு மி.மீ.யில் நின்றால் மேலோட்டம், தடையில்லாமல் உள்ளே போனால் சட்டம் போய்விட்டது. நிலையின் அடிப்பாகத்தையும், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை, இதே மாதிரி குத்திப் பார்க்கத் தவறாதீர்கள். நிலை கெட்டிருந்தால் எந்தக் கதவை மாட்டினாலும் பணம் வீண். கீழ்ச்சட்டம் மட்டும் கெட்டிருந்தால் தச்சரிடம் அதை மட்டும் மாற்றலாம். மாற்றிய பின் கதவின் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் பிரைமரும் பெயின்ட்டும் கட்டாயம். ஒரு கதவுக்கு ஆறு பக்கம். முன்னும் பின்னும் பளபளவென்று பூசிவிட்டு அடி விளிம்பை வெறும் மரமாக விடுவதுதான் உளுத்துப் போவதற்கு முதல் காரணம், தண்ணீர் அங்கிருந்துதான் நாருக்குள் ஏறுகிறது.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் வாசலுக்கு ஸ்டீல் என்பது என் பரிந்துரை. ஆனால் ஸ்டீல் கதவில்தான் ஏமாறும் வாய்ப்பும் அதிகம். ‘70 மி.மீ. கதவு’ என்பது கதவின் மொத்தத் தடிமன், தகட்டின் தடிமன் அல்ல. கதவின் தகடு எத்தனை மி.மீ., நிலையின் தகடு எத்தனை மி.மீ. என்று தனித்தனியாகக் கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சரிபார்க்க எடை போதும்: 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 7.85 கிலோ. 1 மீட்டருக்கு 2.1 மீட்டர் அளவுள்ள கதவில் இரு பக்கத் தகடும் சேர்ந்து, 0.8 மி.மீ. என்றால் சுமார் 26 கிலோ, 1.2 மி.மீ. என்றால் சுமார் 40 கிலோ. உள்ளிருக்கும் நிரப்பும் பூட்டும் இதற்கு மேல். 1.2 என்று சொன்ன கதவு மொத்தமே 35 கிலோ நின்றால் பேச்சு முடிந்தது. உள்ளே காகிதத் தேன்கூடா, அடர்ந்த நுரையா, பாறைக் கம்பளியா என்றும் கேளுங்கள். காகிதம் ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். மரக்கோடு அச்சிட்ட படலம் ஒட்டிய கதவு மேற்கு வெயிலில் உரிந்து வரும், சூட்டில் சுட்ட பவுடர் பூச்சே நல்லது, வெளிர் நிறமாக இருந்தால் சூடும் குறையும். துரு எப்போதும் அடி விளிம்பிலும், பூட்டுக்காக அறுத்த ஓட்டையின் விளிம்பிலும் தொடங்கும். அறுத்த இடத்தில் துரு தடுக்கும் பிரைமர் தடவாமல் பூட்டை மாட்ட விடாதீர்கள்.

கதவுக்கு வைத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை நிலையைப் பிடிக்கவும் பூட்டு, கீலுக்கும் ஒதுக்குங்கள். உதைத்துத் திறக்கும் கதவில் பெரும்பாலும் உடைவது பலகை இல்லை. பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடும், அதைப் பிடித்திருக்கும் குட்டைத் திருகும்தான் பெயர்ந்து வரும். அந்தத் தகடு நிலையைத் தாண்டிச் சுவருக்குள் பிடிக்கும் நீளத் திருகில் நிற்க வேண்டும். இரும்பு நிலையின் உள்வெற்றிடத்தில் சிமென்ட் கலவை நிரப்பாவிட்டால் கடப்பாரை வைத்து நெம்பினால் நிலையே வளைந்து கொடுக்கும். தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று வெற்றொலி வந்தால் நிரப்பவில்லை. சாவித் துவாரமுள்ள சிலிண்டர் கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டியிருந்தால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடலாம். 50 கிலோவைத் தாண்டும் கதவுக்கு பேரிங் வைத்த கீல் நான்கு போடுங்கள்.

கொட்டேஷனில் நிலை, பூட்டு, பழைய கதவைப் பெயர்ப்பது, சுவர்ப் பூச்சு, நிலைப்படி, வரி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகக் கேளுங்கள். சேராவிட்டால் 20 சதவீதம் கூட்டிக்கொள்வது பத்திரம். ஸ்டீல் அப்போது 2.4 மாதச் செலவு. கையில் 1.5 இருக்கிறது, மீதி 0.9-ஐ மாதம் 0.25 வீதம் நான்கு மாதத்தில் சேர்த்துவிடலாம். அதுவரை கீல் திருகையும் கீழ்ச்சட்டத்தையும் சரிசெய்து பழைய கதவை ஓட்டுங்கள். அந்தச் சின்ன வேலையிலேயே கதவு சரியாகிவிட்டால், சேர்ந்த பணத்தில் முதலில் சன்ஷேடு போடுங்கள். பிறகு சில வருடம் கழித்துத் தேக்கு வாங்கினாலும் அது நிற்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: அளவெடுத்து ஆர்டர் தரும்போது 30 சதவீதம், கதவு வந்து எடையும் அளவும் பார்த்தபின் 50, மாட்டி ஒரு வாரம் கழித்து மீதி 20. உத்தரவாதச் சீட்டில் கோணல் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். 6 மி.மீ. வரை கோணல் குறையாகாது என்றும், ஆறு பக்கமும் பூசாத கதவுக்கு உத்தரவாதம் செல்லாது என்றும் பல சீட்டுகளில் இருக்கும்.

மாட்டும் நாளில் நிலையின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள், வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டு நிலை செங்குத்தாக நிற்கிறதா என்று இரு திசையிலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். தானாக நகர்ந்தால் நிலை சாய்ந்திருக்கிறது, கலவை இறுகும் முன்பே சொல்லித் திருத்த வேண்டும். அடியில் எவ்வளவு சந்து விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு அடியில் 10 மி.மீ. சந்து என்பது சுவரில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஓட்டை போட்டதற்குச் சமம். மழைச்சாரல், பூச்சி, தூசி எல்லாம் அந்த வழியில்தான் வரும். அடி ரப்பர் பட்டையையும் பேச்சுவார்த்தையிலேயே சேர்த்து, அன்றே மாட்டச் சொல்லிவிடுங்கள்.