பேஸ் கிட்டாருக்குப் புது நெக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் நிறுவனத்தின் மாடல்) வகை கிட்டாரின் நெக் (கழுத்துக் கட்டை) முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகியும் சரியாகவில்லை. பழைய நெக்கை அளந்து தச்சரிடம் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ட்ரஸ் ராடு வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கலை அல்ல. முறுக்கிய நெக்கில் எடுக்கும் அளவையும் நம்பக் கூடாது. பாடியிலிருந்து (கிட்டாரின் உடல் கட்டை) தொடங்குங்கள்.

முதலில் ஜி கம்பியின் (மிக மெல்லிய கம்பி) சேடிலை, அதாவது பாடியில் உள்ள பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு தாங்கியை, நெக் பக்கமாக முன்னே தள்ளி, இன்னும் 3 மி.மீ. நகர இடம் விட்டு நிறுத்துங்கள். அங்கிருந்து நெக் பாக்கெட்டின் (பாடியில் நெக் அமரும் குழி) பிரிட்ஜ் பக்கச் சுவர் வரை அளவெடுங்கள். ஸ்கேல் என்பது நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து சேடில் வரையுள்ள நீளம்; 34 அங்குல ஸ்கேல் என்பது 863.6 மி.மீ. நீங்கள் அளந்தது 265 மி.மீ. என்றால், நட்டிலிருந்து ஹீல் (பாக்கெட்டில் அமரும் நெக்கின் அடிப்பகுதி) முனை வரை 598.6 மி.மீ. வரைபடத்தின் ஆதாரம் இந்த ஒரு எண்தான்.

ஃப்ரெட் (சுரம் பிரிக்கும் உலோகப் பட்டை) இடங்கள் எல்லாவற்றையும் நட்டிலிருந்தே குறியுங்கள்: முதலாவது 48.47, ஐந்தாவது 216.6, பன்னிரண்டாவது 431.8, இருபதாவது 591.6 மி.மீ. முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்துவிடும்; மேலே போகப் போக சுருதி விலகும்.

ஹீல் அகலம் ஃபெண்டரில் 63.5 மி.மீ. நகல்களில் மாறுகிறது, ஆகவே பாக்கெட்டை காலிப்பரால் அளந்து, மொத்தம் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். வார்னிஷின் தடிப்பையும் இதில் சேர்க்க மறக்காதீர்கள். ஹீல் தடிமன் வழக்கமாக 25.4, பாக்கெட் ஆழம் 16 மி.மீ. அளவில் இருக்கும். ஹீல் ஒரு மி.மீ. மெலிந்தால் கம்பிகள் உயர்ந்து நிற்கும், சேடிலை அடிவரை இறக்கினாலும் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட உயரமான ஆக்‌ஷன் குறையாது. தடித்துவிட்டால் இழைத்துக்கொள்ளலாம், எனவே சற்றுத் தடிப்பாகவே விட்டுவைப்பது நல்லது.

திருகு விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாடியில் உள்ள துளை திருகு தாராளமாகச் சுழலும் அளவுக்கு இருக்க வேண்டும். பாடியிலும் மரை பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே இடுக்கு விழும். 4.2 மி.மீ. திருகுக்கு மேப்பிளில் 3.2 மி.மீ. துளை போட்டு, மரையில் மெழுகு தடவி இறக்குங்கள். துளை சிறிதானால் திருகு உள்ளே முறிந்துவிடும், எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: அதே பாடியில் 30 அங்குல ஸ்கேல் நெக் பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. பிரிட்ஜை நகர்த்த வேண்டியதில்லை. நட்டிலிருந்து சேடில் வரை இப்போது 762 மி.மீ. அதே 265ஐக் கழித்தால் ஹீல் வரை 497. பதினெட்டாவது ஃப்ரெட் 492.6இல் விழுவதால் 18 ஃப்ரெட் கச்சிதமாக அடங்கும். இருபது வேண்டுமென்றால் ஃபிங்கர்போர்டை (ஃப்ரெட் பதிக்கும் பலகை) பாக்கெட்டுக்கு வெளியே 30 மி.மீ. நீட்ட வேண்டும், பிக்கார்டு (பாடி மேல் உள்ள காப்புத் தகடு) இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கம்பிகளைப் போட்டால் இழுவிசை 22 விழுக்காடு குறையும். ஈ கம்பி (மிகத் தடித்த கம்பி) தொளதொளக்கும், ஒரு படி தடித்த செட் வாங்குங்கள்.

கேள்வி: மேப்பிள் கிடைக்கவில்லை. தேக்கில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டும் பரப்பை அசிட்டோனில் துடைத்து உடனே பசை போடுங்கள். உளி சீக்கிரம் மழுங்கும். ஃபிங்கர்போர்டுக்கு நம்மூர் ஈட்டி மரம் இருக்கும்போது வேறு தேட வேண்டாம். பலகையை வாரம் ஒருமுறை எடைபோடுங்கள்; எடை குறைவது நின்ற பிறகே அறுங்கள்.