கர்ப்பத்தில் எனக்கு பிரஷர் இருந்தது, பையனின் இதயம் பின்னாளில் பாதிக்குமா?

கோபி பக்கத்துலிருந்து கேட்டிருக்கீங்க: ஏழாம் மாசத்துல பிரஷர் 150/100, யூரின்ல புரதம், 36 வாரத்துல ஆபரேஷன். பையனுக்கு இப்ப 4 வயசு.

நேரா சொல்றனுங்க. இதய நோயோட பொறந்துட்டான்னு அர்த்தமில்ல. ஆனா இப்படிப் பொறந்த குழந்தைகளுக்கு மத்தவங்களைவிட பிரஷரோட மேல் அளவு சராசரியா 2 புள்ளி கூட இருக்குது. சின்ன வித்தியாசந்தான். பின்லாந்து நாட்டு ஹெல்சின்கியில 1934 முதல் 1944 வரை பொறந்தவங்களை முதுமை வரை பார்த்ததுல, தாய்க்கு உங்களை மாதிரி புரதத்தோட பிரஷர் இருந்திருந்தா பிள்ளைக்கு பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. காரணம் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறையறது, குறைமாசம், பரம்பரைன்னு கலந்து கிடக்குது.

வருசம் ஒருக்கா பிரஷர் பாருங்க. பெரியவங்களுக்கான கைப்பட்டையைச் சுத்தினா அளவு குறைச்சுக் காட்டும்; சின்னக் கைக்கு சின்னப் பட்டைன்னு கேட்டு வாங்குங்க. அழுதுட்டிருக்கறப்ப எடுத்த அளவை நம்பாதீங்க. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டைக் குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, பலரும் இதைச் சொல்றதே இல்லை.

அரிசிம்பருப்பு தாராளமா போடுங்க. கூட வைக்கற அப்பளம், ஊறுகாயைக் குறைங்க. எடை ஏறாம ஓடி விளையாடட்டும்.

உங்களுக்கு எப்ப பிரஷர் பார்த்தீங்க? இப்படிப் பிரஷர் வந்த தாய்க்கு இதய நோய் வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குங்க. பையனைக் கூட்டிட்டுப் போற அன்னிக்கே உங்க கையையும் நீட்டுங்க.