தட்டில் வெயில் விழுந்தால் தராசு மைனஸ் காட்டுவது ஏன்?

கேள்வி: குடியாத்தத்தில் சின்னதாக நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். மில்லி (மில்லிகிராம்) வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு. காலையில் ஜன்னல் வெயில் தட்டில் விழும் நேரத்தில், ஒன்றும் வைக்காமலே மைனஸ் மூன்று, நான்கு மில்லி காட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், "ஒளிக்கு உந்தம் இருக்குப்பா, அது தள்ளும்" என்கிறாள். ஆனால் அவள் நோட்டிலேயே ஒளித்துகளுக்கு நிறை சுழி என்று எழுதியிருக்கிறது. நிறையே இல்லாதது எப்படித் தள்ளும்? தராசைக் கெடுப்பது ஒளிதானா?

பதில்: மகள் சொன்னதும் சரி, நோட்டில் இருப்பதும் சரி. ஆனால் உங்கள் தராசைக் கெடுப்பது ஒளியின் தள்ளல் இல்லை, வெயிலின் சூடு.

இதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மேலிருந்து விழும் ஒளி தட்டைக் கீழே அழுத்த வேண்டும், அப்படியென்றால் தராசு பிளஸ் காட்ட வேண்டும். நீங்கள் பார்ப்பது மைனஸ். வெயிலில் சூடான தட்டு பக்கத்திலுள்ள காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று மேலே எழும்போது தட்டையும் துளி தூக்கிவிடுகிறது. போதாததற்கு தட்டுக்கு அடியில் எடையை உணரும் பகுதியும் சூட்டில் லேசாக நீளும், வளையும். அதனால் எண் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம்.

சரி, ஒளி எவ்வளவுதான் தள்ளும்? கத்திரி வெயிலில், உச்சிப் பொழுதில், ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் திறன் சுமார் 1,000 வாட். அதை ஒளியின் வேகத்தால், அதாவது விநாடிக்கு 30 கோடி மீட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் அழுத்தம். எடையாகச் சொன்னால் சதுர மீட்டருக்கு ஒரு மில்லியில் மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி முழுவதையும் வேலூர் வெயில் அழுத்தும் அழுத்தம் 30 மில்லி சொச்சம், ஒன்றரை அரிசி எடைதான். உங்கள் தட்டு பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம், அது பளபளவென்று இருந்து விழுந்த ஒளியை எல்லாம் திருப்பி அடித்தால் தள்ளல் இரட்டிப்பாகும், அப்போதும் ஒரு மில்லியில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்குதான் வரும். உங்கள் தராசின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இதே சிக்கலில் பெரிய விஞ்ஞானி ஒருவரும் மாட்டியிருக்கிறார், உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வில்லியம் குரூக்ஸ், தான் கண்டுபிடித்த தாலியம் என்ற உலோகத்தின் அணு எடையை 1870-களின் தொடக்கத்தில் துல்லியமாக அளக்கப் பார்த்தார். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் தராசு. அதிலும் சூடான பொருள் எடை குறைந்ததுபோலக் காட்டியது! அதைத் துரத்திப் போய்த்தான் கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்பும் வெள்ளையுமான இறகுகள் வெயில் பட்டால் சுழலும் ஒளிக்காற்றாடியைச் செய்தார். ஒளிதான் தள்ளுகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் ஒளி தள்ளினால் அதைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பக்கம்தானே அதிகம் தள்ளப்பட வேண்டும்? காற்றாடி நேர் எதிராகச் சுற்றியது. குமிழில் மிச்சமிருந்த கொஞ்சக் காற்று கறுப்புப் பக்கத்தின் சூட்டில் செய்த வேலை அது. ஒளியின் உண்மையான தள்ளலை மாஸ்கோவில் லெபதேவும், அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் இருவரும் அளந்து 1901-இல் வெளியிட்டார்கள், சூட்டின் தொல்லையை விலக்கத்தான் அவர்கள் மிகவும் பாடுபட்டார்கள். இன்று அந்தத் தள்ளலை வைத்தே ஓடம் விடுகிறார்கள்: 2010-இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலம் சூரிய ஒளியைப் பாயில் வாங்கி நகர்ந்தது.

இப்போது மகளின் பங்கு. உந்தம் என்றால் நிறை பெருக்கல் வேகம் என்று பத்தாம் வகுப்பில் படித்தது மனதில் பதிந்துவிடுகிறது, அதனால்தான் நிறை சுழி என்றால் உந்தமும் சுழி என்று தோன்றுகிறது. அந்தச் சூத்திரம் கல்லுக்கும் பஸ்ஸுக்கும் போதும், ஒளிக்குப் போதாது. முழுக் கணக்கை ஒரு செங்கோண முக்கோணமாக வரையச் சொல்லுங்கள். கர்ணம் ஆற்றல், அடிப்பக்கம் உந்தம் பெருக்கல் ஒளிவேகம், நிற்கும் பக்கம் நிறை பெருக்கல் ஒளிவேகத்தின் வர்க்கம். அசையாமல் கிடக்கும் தங்கக் கட்டிக்கு அடிப்பக்கம் சுழி, அங்கேதான் பிரபலமான ஈ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர். ஒளித்துகளுக்கு நிற்கும் பக்கம் சுழி, கர்ணம் அடிப்பக்கத்தின் மேலேயே படுத்துவிடும்: ஆற்றல் முழுவதும் உந்தமாகவே இருக்கிறது.

சில கைடுகளில் ஆற்றலை ஒளிவேக வர்க்கத்தால் வகுத்து "ஃபோட்டானின் நிறை", அதாவது ஒளித்துகளின் நிறை என்று போட்டிருப்பார்கள். பழைய வழக்கம். வேகத்தோடு மாறும் நிறை என்ற பேச்சே நல்லதல்ல என்று ஐன்ஸ்டைன் 1948-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தேர்வில் ஓய்வு நிறை (வேகத்தோடு மாறாத நிறை) சுழி, உந்தம் உண்டு என்று எழுதட்டும். அந்தச் சுழியும் சும்மா நம்பிக்கை இல்லை. சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டத்தின் காந்தப் புலத்தை வைத்துப் பார்த்ததில், ஒளித்துகளுக்கு நிறை இருந்தால்கூட, எலெக்ட்ரானின் நிறையை ஒன்றுக்குப் பின் 23 சுழி போட்ட எண்ணால் வகுத்தால் வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.

"அப்போ சூரியன் பக்கத்தில் ஒளி ஏன் வளையுது?" என்று அவள் அடுத்து கேட்பாள். ஒளியையும் கல்போல விழும் பொருளாக வைத்து நியூட்டன் முறையில் கணக்குப் போட்டால் 0.87 விநாடிக் கோணம் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் ஒரு விநாடிக் கோணம்) வரும். சூரியனைச் சுற்றியுள்ள விண்வெளிதான் வளைந்திருக்கிறது, ஒளி அதன் வழியே போகிறது என்று ஐன்ஸ்டைன் போட்ட கணக்கில் 1.75. 1919 சூரிய கிரகணத்தில் அளந்தபோது பெரிய எண்ணின் பக்கம்தான் விடை நின்றது. ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலையில் காவலூருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி நம் பழைய வட ஆற்காட்டிலேயே இருக்கிறது, போவதற்கு முன் பார்வை நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசுக்கு வருவோம். தட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு அட்டையைப் பிடியுங்கள். ஒளியின் தள்ளல் என்றால் அந்தக் கணமே எண் சுழிக்குத் திரும்ப வேண்டும். சூடு என்றால் மெல்ல மெல்ல, சில நிமிஷம் எடுத்துத் திரும்பும். அப்புறம் தராசை வெயிலும் ஃபேன் காற்றும் படாத மூலைக்கு மாற்றி, ஆன் செய்து அரை மணி நேரம் விட்டு, கண்ணாடி மூடியைச் சாத்தி, முத்திரை போட்ட படிக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த நகையை ஆறுவதற்குள் தட்டில் வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சூடான மூக்குத்தி நிஜ எடையைவிடக் குறைவாகவே காட்டும், அந்த இரண்டு மூன்று மில்லி உங்கள் கையிலிருந்துதான் போகும்.