இரைப்பைப் பட்டையோடு வாழ்வது: கேள்விகளும் பதில்களும்

எடை குறைப்புக்காக இரைப்பையில் பட்டை போட்டுக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. கருவியின் அமைப்பு தெரிந்தால் பதில்கள் எளிதில் புரியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கும். அதன் உட்புறத்தில் ஊதி விரியும் ஒரு பை. அந்தப் பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் தசையின் மேல் தைத்து வைத்த, போர்ட் எனப்படும் சிறு குமிழில் முடியும். போர்ட்டில் ஊசி குத்திச் சலைன் என்னும் உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை மூலம் இதை முதலில் பொருத்தியது பெல்ஜியத்தில், 1993-இல். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. இப்போது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் ஆகிய சிகிச்சைகள் பெருகிவிட்டதால் புதிதாகப் பட்டை போடுகிறவர்கள் குறைவு. அதனால் பட்டையைச் சரிபார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. பட்டை உள்ளவர் தன் கருவியைப் பற்றித் தானே நன்கு தெரிந்து வைத்திருக்க வேண்டிய காலம் இது.

கேள்வி: அறுவை முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பழையபடியே பசிக்கிறது. பட்டை வேலை செய்யவில்லையா?

இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. பொருத்தும்போது பட்டை பெரும்பாலும் காலியாகவோ மிகக் குறைந்த சலைனோடோதான் இருக்கும். முதல் நிரப்பல் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள். அதுவரை பசி இருக்கத்தான் செய்யும். அது உங்கள் மனவுறுதிக் குறைவு அல்ல.

இந்த வாரங்களில் முக்கியமானது எடையல்ல, பட்டை அதன் இடத்தில் ஊன்றுவது. சுற்றிலும் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, பிறகு மென்மையானவை, ஆறாவது வாரத்தை ஒட்டித் திட உணவு என்று போவது இதற்காகத்தான். உங்கள் மருத்துவமனை தந்த அட்டவணையில் நாள் கணக்கு சற்று மாறலாம், அதையே பின்பற்றுங்கள். பசி தாங்காமல் திட உணவுக்குத் தாவினால் வாந்தி வரும். வாந்தியின் அழுத்தத்தில் தையல் விலகி, பட்டைக்குக் கீழிருக்கும் இரைப்பை மேலே பிதுங்கும். புதுப் பட்டை நழுவ இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: எனக்கு 4 மி.லி. ஏற்றியிருக்கிறார்கள். தெரிந்த ஒருவருக்கு 7 மி.லி. நானும் கூட்டிக்கொள்ள வேண்டுமா?

இரண்டு பேரின் எண்ணை ஒப்பிடவே முடியாது. பட்டையின் வகையைப் பொறுத்து மொத்தக் கொள்ளளவே 4 மி.லி., 10 மி.லி., 14 மி.லி. என்று மாறும். ஒரு பட்டையில் 4 மி.லி. என்றால் நிறைந்துவிட்டது, இன்னொன்றில் பாதிகூட இல்லை. வளையத்துக்குள் எவ்வளவு கொழுப்பு சிக்கியிருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. எடை இறங்கும்போது அந்தக் கொழுப்பும் கரைவதால், யாரும் சலைனை எடுக்காமலேயே பட்டை தளர்ந்ததுபோல் தோன்றும்.

நிரப்பலின்போது கவனிக்க வேண்டியவை சில. போர்ட்டுக்கென்று உள்ள ஹியூபர் ஊசியையே பயன்படுத்த வேண்டும். சாதாரண ஊசி போர்ட்டின் ரப்பர் மூடியைச் செதுக்கி எடுத்துவிடும். அங்கிருந்து கசிவு தொடங்கும். முதல் சில முறைக்குப் பிறகு ஒரு நேரத்தில் அரை மி.லி., அதற்கும் குறைவு என்று ஏற்றுவதே பாதுகாப்பு. ஏற்றியதும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கிய பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். ஒன்றிரண்டு நாள் திரவம், பிறகு மென்மையான உணவு, அப்புறம் வழக்கம். வீக்கத்தால் இறுக்கம் சில நாள் கழித்தும் கூடலாம் என்பதால் நெடும்பயணத்துக்கு முந்தின நாள் நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, ஏற்றிய அளவு, மொத்த அளவு மூன்றையும் குறித்து வையுங்கள். பின்னால் கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது இந்தக் கணக்குதான்.

கேள்வி: சரியான இறுக்கம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மூன்று நிலைகளாகப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பசி, தட்டு நிறையச் சாப்பிட முடிகிறது, எடை அசையவில்லை: தளர்வு. சிறு கிண்ணம் அளவு திட உணவில் பசி அடங்கி, நான்கைந்து மணி நேரம் சாப்பாட்டு நினைப்பே வரவில்லை, வாரம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ இறங்குகிறது: சரியான இடம். ரொட்டி, இறைச்சி உள்ளே போகவில்லை, எதுக்களிக்கிறது, இரவில் இருமல் எழுப்புகிறது: அதிக இறுக்கம்.

பட்டையின் வேலை உணவைத் தடுப்பது அல்ல. மெதுவாக மென்று விழுங்கிய கவளம் வளையத்தைக் கடந்து போகும்போது அங்குள்ள நரம்புகள் தூண்டப்பட்டுப் பசி அடங்குகிறது. அடைத்துக்கொண்டு நிற்பதைப் பட்டை நன்றாக வேலை செய்வதாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் பெரிய பிழை. காலையில் மட்டும் சற்று இறுக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். அது பலருக்கும் உண்டு. மாதவிடாய் நாட்களிலும் மன அழுத்தத்திலும்கூட இறுக்கம் மாறும். அப்படிப்பட்ட காலை வேளையில் ஏதேனும் சூடாகக் குடித்துவிட்டு, திட உணவைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது திடீரென்று நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல் அடைக்கிறது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளலாமா?

கூடாது. கீழே வழி அடைபட்டிருக்கும்போது ஊற்றும் தண்ணீர் மேலேதான் தேங்கும். வலி கூடி வாந்தியில் முடியும். அந்த நுரை, சிக்கிய உணவை வழுக்க வைக்க உணவுக்குழாய் சுரக்கும் சளி. அதை விழுங்காமல் துப்புங்கள்.

அடைத்த உடனே கையில் இருக்கும் கவளத்தைக் கீழே வையுங்கள். எழுந்து நில்லுங்கள், மெல்ல நடங்கள், படுக்காதீர்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் இறங்கிவிடும், அல்லது செரிக்காத கவளம் அப்படியே மேலே வந்துவிடும். விரல் விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். சரியான பிறகு அன்று மீதி நாள் முழுக்கத் திரவம் மட்டும். அந்த இடம் வீங்கியிருக்கும்; உடனே மறுபடி சாப்பிட்டால் மறுபடி அடைக்கும். பட்டை சட்டென்று இறுகிவிட்டது என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்: ஒருமுறை அடைப்பு, அதனால் வீக்கம், வீக்கத்தின் மேல் அடுத்த வேளைச் சாப்பாடு.

பல மணி நேரமாகியும் தண்ணீர் இறங்கவில்லை, சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சலைனை எடுக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அடிக்கடி அடைப்பவர்கள் மூன்றைச் சோதியுங்கள். கவளம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மேல் இருக்கிறதா? இருபது முறையாவது மெல்கிறீர்களா? ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே ஒரு நிமிடம் விடுகிறீர்களா? இவை சரியாக இருந்தால் உணவைப் பாருங்கள். புது ரொட்டி மாவுருண்டையாகத் திரளும். உலர்ந்த கோழி மார்புக்கறி, நாரோடிய இறைச்சி, குழைந்து ஒட்டும் சோறு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை சிக்குவதில் பேர்போனவை. அதே இறைச்சியைக் குழம்போடு ஈரமாகச் சமைத்தால் பலருக்கு இறங்கிவிடும். எதுவுமே உதவவில்லை என்றால் பட்டைதான் அதிகம் இறுகியிருக்கிறது.

கேள்வி: திட உணவு ஒத்துக்கொள்வதில்லை. கஞ்சி, ஐஸ்கிரீம், பிஸ்கட் மட்டும் பிரச்சினையில்லாமல் போகிறது. எடை ஏறுகிறது. இன்னும் இறுக்கச் சொல்லலாமா?

தளர்த்தச் சொல்லுங்கள். கேட்க விபரீதமாக இருந்தாலும் அதுதான் தீர்வு. வாயில் கரைவது எதுவும் பட்டையில் நிற்பதில்லை. நின்று கடக்காததால் பசியும் அடங்குவதில்லை. கலோரி மட்டும் சேர்கிறது. பட்டை இறுக இறுக மனிதர் மென்மையான, இனிப்பான உணவுக்கு நகர்வார், எடை ஏறும், இன்னும் இறுக்குவார்கள். இந்தச் சுழலில் ஆண்டுகளை இழந்தவர்கள் பலர். கொஞ்சம் சலைன் எடுத்த பிறகு மீன், முட்டை, காய்கறி மறுபடி உள்ளே போகும். அப்போது பலருக்கு எடை இறங்கத் தொடங்குகிறது. தட்டில் புரத உணவை முதலில் முடியுங்கள். ஒரு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும்.

கேள்வி: சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாமா?

வாயை நனைக்க ஒரு மடக்கு பரவாயில்லை. மற்றபடி சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சோடா வகைகளைத் தவிர்ப்பது நல்லது. பட்டைக்கு மேலே இரைப்பையின் சிறு பகுதி ஒரு பைபோல் இருக்கும்; வாயு அந்த மேல்பையில் தேங்கி வலி தரும்.

கேள்வி: என் கணவர் பட்டை போட்டு நான்கு ஆண்டு ஆகிறது. இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது, இருமுகிறார். அமில மாத்திரை போதுமா?

போதாது அம்மா. இதை நெஞ்செரிச்சல் என்று மாத்திரையால் மூடி வைப்பது ஆபத்து. பட்டைக்கு மேலே உணவும் எச்சிலும் தேங்கி, படுக்கும்போது திரும்பி வருகிறது. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அளவுக்கு மீறிய இறுக்கம், மேல்பை விரிவு, நழுவல், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலில் சலைனை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவத்தை விழுங்கி எக்ஸ்ரே. உணவுக்குழாய் விரிந்திருந்தால், ஆரம்பத்திலேயே தளர்த்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குச் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அது உறுதியில்லை. அதுவரை படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கட்டும்.

கேள்வி: பட்டை நழுவியதா, அரித்ததா, கசிகிறதா என்று எப்படிப் பிரிப்பது?

நழுவல் இறுக்கமாக வெளிப்படும்: நேற்று வரை சாப்பிட்டவருக்கு இன்று எதுவும் இறங்கவில்லை, வாந்தி, எதுக்களிப்பு. கூடவே விடாத கடும் வயிற்றுவலி, படபடவென்று நாடித்துடிப்பு, காய்ச்சல் சேர்ந்தால் பிதுங்கிய இரைப்பைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும். அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். பட்டை இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கசிவும் அரிப்பும் தளர்வாக வெளிப்படும். கசிவில் ஏற்றியதைவிடக் குறைவான சலைன்தான் திரும்ப வரும். ஏற்ற ஏற்ற ஒன்றிரண்டு வாரத்தில் பசி திரும்பும். அரிப்பில் பட்டை இரைப்பைச் சுவரைத் துளைத்து மெல்ல உள்ளே போகிறது. சலைன் அளவு சரியாக இருந்தும் பசி அடங்காது. அறுவை முடிந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் போர்ட் இடம் சிவந்து சீழ் கோத்தால், தோல் தொற்று என்று ஆன்டிபயாடிக் மட்டும் தந்து அனுப்ப விடாதீர்கள். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். அரித்த பட்டையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. புகைப்பிடிப்பதும் வலிநிவாரணிகளான ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளும் இரைப்பைச் சுவரைக் கெடுப்பவை. வலிக்குப் பாராசிட்டமாலோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பட்டையில் சத்து உறிஞ்சுவது குறையாதே, பிறகு ஏன் விட்டமின்?

குடல் மாறவில்லை, உண்மைதான். உள்ளே போவதே குறைவு என்பதால் தேவை. தினமும் ஒரு மல்டிவிட்டமின், உணவையும் சேர்த்து 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம், ரத்தப் பரிசோதனைப்படி விட்டமின் டி, பி12, இரும்பு. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: விட்டமின் பி1, அதாவது தயமின். உடலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தொடர் வாந்தியில் அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். பல நாள் வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: பெரிய மாத்திரைகள் சிக்குகின்றன. பொடித்துப் போடலாமா?

மெதுவாகக் கரையும் வகை, குடலில் கரையும்படி உறையிட்ட வகை இரண்டையும் பொடிக்கக் கூடாது. மருந்தாளரிடம் திரவ வடிவம் கேளுங்கள். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட் மாத்திரை பட்டைக்கு மேலே நின்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மாற்று ஊசி உண்டு. எடை இறங்க இறங்கச் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவும் குறைய வேண்டியிருக்கும். தூக்க மூச்சுத்தடைக்கான கருவியை மட்டும் மறுபரிசோதனை இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ள எவ்வளவு காத்திருக்க வேண்டும்?

எடை வேகமாக இறங்கும் முதல் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள். எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தவர்களும் கருத்தடையை விட்டுவிடக் கூடாது. கரு உறுதியானதும் பட்டை மருத்துவரிடம் சொல்லுங்கள். மசக்கை வாந்தி இருந்தால் சலைனை எடுத்துவிடலாம், பிரசவத்துக்குப் பின் மறுபடி ஏற்றலாம். இந்த வசதி ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ கிடையாது.

கேள்வி: வேறு மருத்துவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

பட்டையின் வகை, மொத்தக் கொள்ளளவு, இப்போதுள்ள அளவு, போர்ட் இருக்கும் இடம் எழுதிய அட்டையைப் பணப்பையில் வையுங்கள். எம்ஆர்ஐக்கு முன் அதைக் காட்டுங்கள். மயக்க மருந்து தருபவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். வெறும் வயிறாக இருந்தாலும் பட்டைக்கு மேலே உணவு தேங்கியிருக்கலாம். தோலுக்கடியில் தட்டுப்படும் போர்ட்டை ரத்தக்குழாய்க்கானது என்று நினைத்து மருந்து ஏற்ற முயன்றால், அது ரத்தக்குழாய்க்குப் போகாது, பட்டைக்குள் போய் இறுக்கிவிடும். இதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டாகப் பட்டை இருக்கிறது, மருத்துவரைப் பார்த்தே வெகுகாலம். தொல்லையில்லை. எடுத்துவிடலாமா?

தொல்லையில்லாமல் எடை நிலைத்திருந்தால் பட்டை பழையது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும் ரத்தச் சோதனையும் வேண்டும். எடுத்த பிறகு பசி திரும்பும், மாற்று ஏற்பாடு இல்லையென்றால் பெரும்பாலோருக்கு எடையும் திரும்பும். ஆகவே எடுக்கும் முடிவும் அடுத்து என்ன என்பதும் ஒரே பேச்சில் வரவேண்டும். ஸ்லீவ் அல்லது பைபாஸுக்கு மாறலாம். சிலருக்கு ஒரே அறுவையில் முடியும். அரிப்பு இருந்தவர்களுக்கு முதலில் எடுத்து, சில மாதம் ஆறவிட்டு, பிறகு செய்வார்கள். ஏற்கனவே எதுக்களிப்பால் அவதிப்பட்டவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்பதால் பைபாஸ் பொருத்தமா என்று கேளுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது பழைய அறுவைக் குறிப்பைக் கையோடு கொண்டு போங்கள். எந்த வகைப் பட்டை, எங்கே தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.