தம்பி குடிப்பதில்லை, எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். தம்பியும் அதே வழி. புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டிக் கன்னியக்கோயில் என்ற ஊரில் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அம்மா தலையில் அடித்துச் சத்தியம், கோயிலில் கயிறு, ஐயப்பனுக்கு மாலை, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது புதுச்சேரியில் சிகிச்சை எடுத்து, சில மாதமாகக் குடிக்கவில்லை. அம்மா பூரித்துப்போயிருக்கிறார். நானோ இன்னும் பைக் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்க்கிறேன். குடும்பத்தாருக்கென்று கூட்டம் நடக்கிறதாம், என்னையும் கூப்பிடுகிறார்கள். குடித்தவன் அவன். நான் எதற்குப் போக வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தம்பியை நம்புங்கள் என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் பட்டவருக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். நகையும் ஏடிஎம் கார்டும் உங்களிடமே இருக்கட்டும். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆனால் சத்தியத்தையும் சிகிச்சையையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். சத்தியம் செய்தபோது அவர் அனேகமாக மனதாரத்தான் செய்திருப்பார். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் நடுக்கம் அடங்கிவிடும். அம்மாவின் தலை அப்போது ஞாபகத்துக்கு வராது. மருத்துவமனையில் அந்த நாட்களை மருந்து கொடுத்துத் தாண்டவைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலையே இருக்கிறது. அவர் என்ன பேசுகிறார் என்பதை விடுங்கள். சொன்ன தேதியில் மருத்துவரிடம் போகிறாரா, பழைய கூட்டாளிகளைத் தவிர்க்கிறாரா, அதைப் பாருங்கள். நடுவில் ஒருநாள் மறுபடி குடிக்கவும் கூடும். பலருக்கு நடக்கிறது. உடனே திரும்பச் சிகிச்சைக்குப் போகிறாரா என்பதுதான் கேள்வி.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கிற மருந்து எதையும் வாங்க வேண்டாம். அதில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். மருத்துவர் கொடுத்தால், அவருக்கே தெரிந்து சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

சரி, நீங்கள் ஏன் போக வேண்டும்? குடிநோயாளிகளுக்கான ஏ.ஏ. அமைப்பை 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை நிறுத்திய பிறகு ஒருநாள், கூட்டத்துக்குக் கிளம்பலாம் என்று கூப்பிட்டபோது மனைவி லோயிஸ் ஆத்திரத்தில் ஷூவைத் தூக்கி எறிந்தார். கணவர் குடித்த காலத்தில் எல்லாவற்றையும் தாங்கியவர், அவர் தெளிந்த பிறகு வெடித்தார். எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. அந்த லோயிஸ்தான் 1951-இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணவர் அப்போது குடியை விட்டுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

இரவு பைக் சத்தத்துக்கு வயிறு கலங்குவது உங்களுக்குத்தானே? தம்பியின் மாத்திரை அதைச் சரிசெய்யாது. ஒருமுறை போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பேச வேண்டிய கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். கூட்டம் வேண்டாமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அப்படிப் பேசும்போது தம்பி கதையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் தூக்கத்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.