கேம் பாதில செத்துப்போகுது, ஃபார்மேட் அடிச்சே ஆகணுமா?

கேள்வி: அண்ணே, எனக்கு ஊரு தங்கச்சிமடம். மீன்பிடி தடைக்காலம்ங்கறதால அப்பாவோட போட்டு கரையிலதான் கெடக்கு, நானும் சித்தப்பா பசங்களும் ராத்திரில லேப்டாப்ல கார் ரேஸ் ஆடுவோம். விண்டோஸ் 10ல நல்லா ஓடுச்சு. 11க்கு மாத்தி மூணு வாரம் ஆச்சு, இப்ப ரேஸ் ஆரம்பிச்ச ரெண்டு மூணு நிமிஷத்துல ஸ்க்ரீன் ஒருதடவ கறுப்பாகி கேம் மூடிக்குது, எரர்னு ஒண்ணும் வரல. கடைல ஃபார்மேட் அடிக்கணும், அதாவது எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ புதுசா ஏத்தணும்ங்கிறாங்க. கேம் மட்டுமே 80 ஜிபி, நெட்டுக்கு செல்போன் ஹாட்ஸ்பாட்தான். என்ன பண்றதுண்ணே?

பதில்: தம்பி, ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீங்க. 80 ஜிபிய ஹாட்ஸ்பாட்ல திரும்ப எறக்கறது சும்மா இல்ல, அதவிட என்ன கெட்டுச்சுன்னே தெரியாம எல்லாத்தையும் அழிச்சுட்டு ஏத்துனா, ஒத்துவராத அதே டிரைவர் (கிராபிக்ஸ் கார்ட விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) திரும்ப வந்து உக்காந்துக்கலாம்.

எரர் வரலன்னாலும் விண்டோஸ் உள்ளுக்குள்ள குறிச்சு வச்சிருக்கும். ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு வரும், அதுல நாள்வாரியா கட்டம் இருக்கும், கேம் செத்த நாள்ல செவப்பா ஒரு பெருக்கல் குறி. அத தட்டி டெக்னிக்கல் டீடெயில்ஸ தொறந்தா லைவ் கெர்னல் ஈவென்ட், கோட் 141 இல்லன்னா 117ன்னு இருக்கா பாருங்க. இருந்தா பிரச்சன கிராபிக்ஸ், அதாவது ஸ்க்ரீன்ல படம் காட்டற பக்கம். கிராபிக்ஸ் கார்டு 2 செகண்டுக்குள்ள பதில் சொல்லலன்னா விண்டோஸ் டிரைவர ரீசெட் பண்ணிரும், ஸ்க்ரீன் கறுப்பாகறது அப்பத்தான், நீங்க சொல்ற அடையாளமும் அப்படியேதான் இருக்கு. 10ல இருந்த பழைய டிரைவரோட மிச்சம் மீதி 11லயும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்.

மொதல்ல உங்க லேப்டாப் மாடலுக்குன்னு கம்பெனி சைட்ல இருக்கற விண்டோஸ் 11 டிரைவர எறக்கி வச்சுக்கங்க. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதையும் எறக்குங்க. அப்பறம் ஹாட்ஸ்பாட்ட அணைச்சுருங்க, இத மறக்கவே கூடாது, நெட்டு இருந்தா நீங்க பழச எடுத்த கையோட விண்டோஸ் அதுபாட்டுக்கு ஒரு டிரைவர ஏத்திரும். சேஃப் மோடுல (அவசியமானத மட்டும் வச்சு விண்டோஸ் தொறக்கற முறை) போயி அந்த டூல வச்சு பழைய டிரைவர தொடச்சு எடுத்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணி புதுச போடுங்க.

ஹிஸ்டரில எம்எஸ்விசிபி140ன்னு பேர் வந்தா கத வேற, கேம் ஓடறதுக்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட் ஃபைலுங்க அது, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் 32 பிட், 64 பிட் ரெண்டையும் போட்டுப் பாருங்க, சின்ன ஃபைல்தான்.

நம்ம கடக்கரைக்குன்னு ஒண்ணு சொல்லணும். கச்சான் காத்துல மணலும் உப்பும் ஃபேன் வழியா உள்ள போயி அப்பிக்கும், சூடு ஏறுனாலும் இதே மாதிரி கறுப்பாகும். மண்டபத்துல ஒரு சொந்தக்காரப் பையன் கம்ப்யூட்டர் இப்படித்தான், விண்டோஸ் மாத்துனதுலதான் கெட்டுச்சுன்னு அடிச்சு சொன்னான், நானும் நம்பி ஒரு நாள் பூரா டிரைவரோட மல்லுக்கட்டுனேன். கடைசில ரேமக் (கம்ப்யூட்டரோட மெமரி பட்டை) கழட்டிப் பாத்தா தங்கக் கலர்ல மின்னவேண்டிய பல்லு வரிசைல பாசி மாதிரி பச்ச படிஞ்சிருக்கு. பென்சில் அழிக்கிற ரப்பர வச்சு மெதுவா தேச்சு, துணில தொடச்சு மாட்டுனோம், அன்னைக்கு ராத்திரி மூணு மணிநேரம் ஆடியும் நிக்கல. லேப்டாப்ப நீங்களா தொறக்க வேணாம், தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து ஃபேனையும் ரேமையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போற வழி 10 நாள்தான் இருக்கும், உங்களுக்கு அது தாண்டிருச்சு. இனிமே மாத்தப் போறவங்க அந்த 10 நாளும் பழைய விண்டோஸ் இருக்கற விண்டோஸ் ஓல்டுங்கற ஃபோல்டர அழிக்காதீங்க, மாத்துன மொத நாளே நீங்க ஆடற கேம் எல்லாத்தையும் தொறந்து ஓட்டிப் பாத்துருங்க.

ஃபார்மேட் தவிர வழியே இல்லன்னு ஆனாலும் கேம் ஃபோல்டர மொதல்ல வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க தம்பி, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்குன கேம்னா திரும்ப அதே எடத்துல வச்சு இன்ஸ்டால் குடுத்தா இருக்கற ஃபைல சரிபாத்து எடுத்துக்கும், மொத்தமா எறக்க வேண்டி வராது. டிரைவர் மாத்தியும் 141 வந்துச்சுன்னா அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து லேப்டாப் மாடலோட எனக்கு எழுதுங்க.